கடுஞ்சொற்களுக்கு உரை எழுதியவர்கள்



பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நாள் மாலை, நாம் பணியாற்றிய தோட்டத்துப் பள்ளியில் மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பின்னர், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தாயாரை அழைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்மாவின் கையில் தோட்ட அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று நான்காக மடிக்கப்பட்டு இருந்தது. அவர் கணவர் முப்பத்தோராண்டுகள் அந்தத் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டி, முந்திய மாதந்தான் வயது காரணமாக வேலையிலிருந்து நின்றவர். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது.

"வாத்தியாரையா, அப்பாவுக்குத் தொரை லீவு கொடுத்திருக்காருன்னு பையன் படிச்சுச் சொல்றான். வேலையே முடிஞ்சு போன மனுசனுக்கு எதுக்கையா லீவு?" என்று அந்த அம்மா கேட்டார்.

கடிதத்தைப் பிரித்துப் படித்தோம். 'வேக்கேட்' என்ற சொல் அதில் இருந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் லயத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்பதே செய்தி. அதை அந்தத் தாயிடம் உடனே சொல்ல நமக்கு நா எழவில்லை. பையனைப் பார்த்து, "லீவு என்று எப்படியப்பா கண்டுபிடித்தாய்?" என்று கேட்டோம். அவன் தயங்காமல் பதில் சொன்னான். பாடப் புத்தகத்தில் 'வேக்கேஷன்' என்றால் விடுமுறை என்று படித்திருக்கிறான். இந்தச் சொல்லும் அதைப் போலவே தொடங்குகிறது. ஐயம் தீர, தன்னிடமிருந்த சிறிய ஆங்கில-தமிழ் அகராதியையும் புரட்டிப் பார்த்திருக்கிறான். அதில் 'வெறுமையாக்கு' என்று ஒரே ஒரு சொல் இருந்ததாம். "வெறுமையாக்குன்னா ஒண்ணும் புரியலை சார், அதனாலே லீவுன்னுதான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

பையனைக் குறை சொல்ல இடமே இல்லை. அவன் ஊகித்ததில் பாதி சரியுங்கூட. இரண்டு சொற்களும் 'வெறுமையாய் இருத்தல்' என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. வேலையில்லாது வெறுமையாய் இருக்கும் பொழுது விடுமுறை. ஆளில்லாது வெறுமையாகும் வீடு காலி வீடு. நம் அலமாரியில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நாளில் வாங்கிய, ஆங்கிலம் கற்போருக்கான பெரிய அகராதி ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுத்து, அதே சொல்லைப் பார்க்கச் சொன்னோம். பொருளுக்குப் பக்கத்தில் வீட்டை விட்டுச் செல்வது பற்றிச் சிறு எடுத்துக்காட்டு இருந்தது. அதைப் படித்ததும் பையனின் முகம் மாறியது. தாயிடம் நாம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று.

ஓர் அகராதியில் இருந்த ஒற்றைச் சொல் உதவவில்லை. மற்றோர் அகராதியில் இருந்த ஒரு சிறு எடுத்துக்காட்டு உதவியது. ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதுவது எப்படித் தொடங்கியது, அதன் பக்கத்தில் எடுத்துக்காட்டை வைத்தவர் யார் என்ற வரலாற்றை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

நேயர்களே, முதல் ஆங்கில-ஆங்கில அகராதி எல்லாச் சொற்களுக்கும் பொருள் சொல்ல எழுந்ததன்று. கடினமான சொற்களுக்கு மட்டும் எழுந்தது. 1604ஆம் ஆண்டில் அதை வெளியிட்டவர் இராபர்ட் காட்ரி என்னும் பள்ளி ஆசிரியர். சமயக் குருவாகவும் இருந்து, திருச்சபையின் சடங்கு முறைகள் சிலவற்றுக்கு உடன்படாததால் அந்தப் பதவியை இழந்தவர். அவர் காலத்து இங்கிலாந்தில் கற்றவர்கள் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து சொற்களை மூட்டை மூட்டையாக ஆங்கிலத்துக்குள் கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். பிரசங்கத்திலும் புத்தகத்திலும் அந்தச் சொற்கள் வந்து விழுந்தன. இலத்தீன் கல்லாத எளிய மக்கள் தம் தாய்மொழியிலேயே பாதி விளங்காமல் விழித்தார்கள். ஆண் பிள்ளைகளாவது இலக்கணப் பள்ளிக்குப் போனார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தம் நூல் பெண்களுக்கும் கல்வி வாய்ப்பற்ற பிறருக்கும் உதவும் பொருட்டு எழுதப்பட்டது என்று காட்ரி முகப்பிலேயே அச்சிட்டார். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் ஆங்கிலக் கடுஞ்சொல்லின் முன் நம் பையனைப் போலவே நின்றார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி சொல்வதுண்டு.

காட்ரியின் நூலில் ஏறத்தாழ 2,500 சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ பொருள், அவ்வளவுதான். அகர வரிசையில் சொல்லைத் தேடும் பழக்கம் அக்காலத்து மக்களுக்கு இல்லாததால், தேடும் சொல் முதல் எழுத்தில் தொடங்கினால் நூலின் தொடக்கத்திலும், பிந்திய எழுத்தில் தொடங்கினால் இறுதிப் பக்கத்திலும் பார்க்க வேண்டும் என்று முன்னுரையில் அவர் பாடமே நடத்தியிருக்கிறார். அந்த முதற் பதிப்பில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி; அது ஆக்ஸ்போர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நம் முன்னோர் சொற்பொருளை நிகண்டுகளாகப் பாட்டில் அமைத்துப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். காட்ரியின் நூலுக்குப் பத்தாண்டு முன்னரே, 1594இல், சிதம்பர ரேவண சித்தர் தமிழ்ச் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி 'அகராதி நிகண்டு' செய்தார். அகரத்தை ஆதியாக உடையது அகராதி. நாம் இன்று வழங்கும் பெயர் அந்த நூலின் பெயரிலேயே இருக்கிறது.

காட்ரிக்குப் பின் வந்தவர்களும் பல்லாண்டுக் காலம் கடுஞ்சொற்களையே தொகுத்தார்கள். நாய், பூனை, குதிரை போன்ற சொற்களுக்கு எதற்குப் பொருள் என்பது அவர்கள் எண்ணம். 1721இல் நேதன் பெய்லி என்பவர், இவரும் ஒரு பள்ளி ஆசிரியர், எளிய சொற்களையும் சேர்த்தார். ஆனால் அவற்றுக்கு 'யாவரும் அறிந்த விலங்கு' என்ற அளவில் பொருள் எழுதி நகர்ந்துவிட்டார். அறிந்தவருக்கு அது தேவையில்லை. அறியாதவருக்கு அதனால் பயனில்லை.

அடுத்து வந்தவர் சாமுவேல் ஜான்சன். இவரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1709இல் லிச்ஃபீல்ட் என்னும் ஊரில் ஒரு புத்தகக் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படிக்கச் சேர்ந்தவர், பணமில்லாமையால் ஏறத்தாழ ஓராண்டிலேயே பட்டம் பெறாது திரும்பினார். அங்கே அவருடைய காலணி கிழிந்து விரல்கள் வெளியே தெரிந்ததைக் கண்டு யாரோ ஒருவர் இரக்கப்பட்டுப் புதிய காலணிகளை அவர் அறை வாசலில் வைக்க, அவற்றைத் தூக்கி எறிந்தாராம். தாமே ஒரு பள்ளி தொடங்கினார். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே சேர, அதையும் மூட வேண்டியதாயிற்று. 1737இல் பிழைப்புத் தேடி இலண்டனுக்குப் போனார்.

1746இல் இலண்டன் புத்தக வணிகர் சிலர் ஒன்றுகூடி, ஆங்கில மொழி முழுவதற்கும் ஓர் அகராதி செய்து தரும்படி அவரோடு ஒப்பந்தம் செய்தார்கள். கூலி 1,500 கினி. உதவிக்கு வைத்துக்கொண்ட ஆறு எழுத்தர்களுக்கும் அந்தப் பணத்திலிருந்தே சம்பளம் கொடுக்க வேண்டும். மூன்றாண்டில் முடிப்பதாகச் சொன்னார். ஒன்பதாண்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார். இடையில், 1752இல், மனைவி இறந்தார். உதவி செய்வார் என்று அவர் நம்பியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு, வேலை நடந்த காலமெல்லாம் திரும்பிப் பாராமல் இருந்துவிட்டு, நூல் வெளிவரும் தறுவாயில் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். நீரில் தத்தளித்த நாளில் கைகொடாமல் கரையேறிய பின் உதவிக்கு வருபவரா புரவலர் என்னும் கருத்தில் ஜான்சன் அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் பேசப்படுகிறது. தன்மானம் உள்ள ஏழை எழுதிய கடிதம் அது.

1755 ஏப்ரல் 15ஆம் நாள் அகராதி வெளிவந்தது. 42,773 சொற்கள். இந்த எண்ணிக்கையை விடப் பெரியது அவர் செய்த வேறொரு காரியம். ஷேக்ஸ்பியர், மில்டன் முதலியோர் நூல்களைப் படித்துக்கொண்டே போவார். ஒரு சொல் நன்றாக ஆளப்பட்ட இடம் கண்ணில் பட்டால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் அந்தச் சொல்லின் முதலெழுத்தைக் குறிப்பார். எழுத்தர்கள் அந்த வாக்கியத்தைத் துண்டுத் தாளில் படியெடுத்து அடுக்குவார்கள். இப்படிச் சேர்ந்த மேற்கோள்களில் ஏறத்தாழ 114,000 அச்சேறின. ஒரு சொல்லுக்குப் பொருள் என்பது அறிஞர் ஒருவர் வீட்டில் அமர்ந்து விதிப்பதன்று. வாக்கியங்களுக்குள் அது எப்படி நடமாடுகிறது என்று பார்த்து அறிவது என்பதை ஆங்கில அகராதியில் இவ்வளவு பெரிய அளவில் செய்து காட்டியவர் அவர்தாம்.

அவரும் தவறினார். குதிரையின் குளம்புக்குச் சற்று மேலுள்ள பகுதியைக் குறிக்கும் 'பாஸ்டர்ன்' என்ற சொல்லுக்குக் குதிரையின் முழங்கால் என்று எழுதிவிட்டார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று ஓர் அம்மையார் கேட்டபோது, சாக்குப் போக்குச் சொல்லாமல், அறியாமைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். வகுப்பறையில் இந்தப் பதில் நமக்கே பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஜான்சனின் வழியைப் பின்பற்றி மேலும் நெடுந்தூரம் சென்றவர் ஜேம்ஸ் மரே. தையற்காரரின் மகன்; பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது; பின்னர் தாமே பல மொழிகள் கற்று ஆசிரியரானார். 1879இல் ஆக்ஸ்போர்டு பேரகராதியின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, பள்ளி வளாகத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றை எழுப்பி வேலையைத் தொடங்கினார். படிப்பவர்கள் யாராயினும், தாம் படிக்கும் நூலில் ஒரு சொல் ஆளப்பட்ட வாக்கியத்தைத் தாளில் எழுதி அனுப்புங்கள் என்று உலகெங்கும் வேண்டுகோள் விடுத்தார். தாள்கள் இலட்சக்கணக்கில் வந்தன. மரே 1915இல் இறந்தார். அகராதி 1928இல்தான் முழுமை பெற்றது. 414,825 சொற்கள், மேற்கோள்கள் 18 இலட்சத்துக்கும் அதிகம்.

ஆங்கில அகராதிகளில் நம் சொற்களும் குடியேறியிருக்கின்றன. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்று பெயர் மாறித் துரைமார் மேசையில் சூப் ஆயிற்று. இவற்றைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த சொல்லுக்குச் சிரிக்க மாட்டார்கள்.

'கூலி' என்ற சொல்லைத்தான் சொல்கிறோம். குஜராத்தில் வாழும் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து இது பிறந்தது என்பாரும், தமிழ்ச் சொல்லே மூலம் என்பாரும், இரண்டும் கலந்தன என்பாரும் உளர். நம் தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியம். ஆங்கிலத்தில் போனபோது அது ஊதியத்தின் பெயராக இல்லாமல் மனிதனின் பெயராகிவிட்டது. ஒப்பந்தக் கப்பலில் ஏற்றப்பட்டவனும் கூலி, ரப்பர்க் காட்டை வெட்டித் திருத்தியவனும் கூலி என்று கணக்கேடுகளில் எழுதினார்கள். பெற்ற காசின் பெயர் மனிதனின் தலையில் ஏறி உட்கார்ந்த கதை அது. இன்றைய அகராதிகள் அச்சொல்லின் பக்கத்தில், இது இழிவுபடுத்தும் சொல் என்று எச்சரிக்கை எழுதுகின்றன. அந்த எச்சரிக்கை அச்சேறும் முன்பே நம் பாட்டன்மார் அதன் பொருளை அறிந்திருந்தார்கள்.

சரி, ஜான்சனும் மரேயும் ஆங்கிலேயருக்காக எழுதினார்கள். அந்நியராகிய நமக்கு அவற்றில் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிப் போனால், பொருளில் அதைவிடக் கடினமான நான்கு சொற்கள் காத்திருக்கும். 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லுக்கு ஜான்சன் எழுதிய விளக்கம் இதற்குப் பேர்போனது. கற்றறிந்த ஆங்கிலேயரே அதைப் படித்துவிட்டு வேறோர் அகராதியைத் தேட வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தவர்களல்லர். ஆசியாவில் வகுப்பறையில் நின்று கற்பித்தவர்கள். மைக்கேல் வெஸ்ட் என்பவர் இன்று வங்காளதேசத்தின் தலைநகராக விளங்கும் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமாகப் படித்து அனுபவிக்க முடியாமல் திண்டாடுவதைக் கண்டு ஆராய்ந்தார். அடிக்கடி வழங்கும் சொற்களை முதலில் கற்பித்து, அவற்றைக் கொண்டே மற்றச் சொற்களை விளக்கலாமே என்று எண்ணினார். 1935இல், சீனாவில் ஆங்கிலம் கற்பித்த கனடா நாட்டவரான என்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதி வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 24,000 சொற்களும் தொடர்களும் 1,490 எளிய சொற்களாலேயே விளக்கப்பட்டன. அந்த 1,490 சொற்களைக் கற்ற பிள்ளைக்கு மற்றவை அனைத்தின் கதவும் திறந்துவிடும். சுவர் எழுப்பச் செங்கல் அளந்து கொடுத்ததைப் போன்ற வேலை அது. பயிற்சிக் கல்லூரியில் இதைக் கேட்ட நாளில், இவர் ஏன் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பார்க்கவில்லை என்று நமக்கு ஓர் ஆதங்கமே எழுந்தது.

அதே காலத்தில் ஜப்பானில் ஏ. எஸ். ஹார்ன்பி இருந்தார். 1924இல் ஆங்கிலம் கற்பிக்க அங்கே சென்றவர். இலக்கியம் போதிக்கப் போனார். மாணவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது மொழிதான் என்று கண்டார். பிறகு டோக்கியோவில் ஹெரால்டு பாமர் நடத்திய ஆங்கிலக் கல்வி ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவரின் துணையோடு, கற்போருக்கென்றே ஓர் அகராதியை உருவாக்கினார். ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, அதை வாக்கியத்தில் எப்படிக் கோப்பது என்றும் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

நம் பிள்ளைகளின் பிழை ஒன்றைக் கொண்டே இதை விளக்கலாம். 'எக்ஸ்பிளெய்ன்' என்றால் விளக்கு என்று பொருள். பொருள் சரி. 'எனக்கு விளக்குங்கள்' என்பதை நம் பிள்ளை 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்று சொல்கிறான். 'எக்ஸ்பிளெய்ன் டு மீ' என்று சொல்ல வேண்டும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லிலோ நிலைமை தலைகீழ். அதைப் பற்றி விவாதிப்போம் என்ற நம் வழக்கில் 'பற்றி' இருப்பதால், தேவையில்லாத 'அபௌட்' ஒன்றை ஒட்ட வைக்கிறான். பொருளை எத்தனை முறை ஒப்பித்தாலும் இந்தப் பிழை போகாது. சரியான வாக்கியத்தை நான்கு முறை பார்த்து, ஐந்தாம் முறை தானே ஒன்று எழுதினால் போகும். ஹார்ன்பி ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த அமைப்பில் வரும் என்று வகைப்படுத்தி, எடுத்துக்காட்டு வாக்கியங்களைச் சேர்த்தார். மில்டனிலிருந்து எடுத்த பெரிய வாக்கியங்களல்ல. அன்றாடம் பேசும் சின்னஞ்சிறு வாக்கியங்கள்.

அந்த நூல் வெளிவந்த காலம் நம்மவர் மறக்க முடியாத காலம். 1941 டிசம்பரில் போர் மூண்டதும் ஹார்ன்பியை ஜப்பானியர் காவலில் வைத்தனர். மறு ஆண்டு அவர் நாடு திரும்பினார். அந்த 1942இலேயே, போரின் நடுவில், அவருடைய ஆங்கில அகராதியை டோக்கியோவில் ஜப்பானியப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. தொடர்ந்து நம் தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் மரண ரயில்வேக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. பகைவர் மொழி என்று ஒதுக்காமல் ஜப்பானியர் தம் தலைநகரில் அச்சிட்ட அந்த அகராதியே 1948இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக மறுபடி வந்தது. பின்னர் பெயர் மாறி, பதிப்புப் பல கண்டு, உலகெங்கும் மாணவர் கைக்குப் போயிற்று. நம் அலமாரியில் இருந்ததும் அதன் வழிவந்த ஒரு பதிப்பே. பயிற்சிக் கல்லூரி உதவித்தொகையில் மாதம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கியது. 1987இல் பர்மிங்ஹாமில் ஜான் சின்கிளேர் குழுவினர் வெளியிட்ட அகராதி இன்னும் ஒரு படி சென்று, பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். மறுநாள் மாலை, தொழிற்சங்கத் தோட்டத் தலைவரையும் அழைத்துக்கொண்டு, நம் வீட்டு மேசையில் அமர்ந்து பதில் கடிதம் எழுதினோம். அகராதி நடுவில் திறந்து கிடந்தது. கால நீட்டிப்புக்கு 'எக்ஸ்டென்ஷன்' என்ற சொல்லைப் பையனே தேடி எடுத்தான். அதோடு எந்த இடைச்சொல் வரும் என்பதையும் எடுத்துக்காட்டில் பார்த்துச் சொன்னான். தந்தை ஒன்றும் பேசாமல் கதவருகில் உட்கார்ந்திருந்தார். முடிவில் கையெழுத்திடும் இடத்தை மட்டும் காட்டச் சொன்னார். மூன்று மாதம் தவணை கிடைத்தது. அதற்குள் பட்டணத்து ஓரத்தில் உறவினர் வீட்டுப் பக்கம் ஓர் அறை பார்த்துக்கொண்டார்கள்.

பள்ளியில் நாம் அப்போது ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வாரத்துக்கு ஐந்து சொல். பொருளை நோட்டில் எழுதி, அகராதியின் வாக்கியத்தைப் படியெடுக்காமல், தன் வீட்டைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். பள்ளியை விட்டுப் போகும் நாளில் பையன் தன் நோட்டைத் திருத்தக் கொண்டுவந்தான். 'வேக்கேட்' என்ற சொல்லுக்கு எதிரே, ஜூன் மாதத்தில் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். இறந்தகால வடிவம் சரியாக இருந்தது. திருத்த ஒன்றுமில்லை.